சின்னக் குழுவும் பெரிய பணப்பையும்



கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிற கம்போங் ராஜாக்காரர்களுக்குக் காற்பந்து விஷயத்தில் ஒரு வேடிக்கையான நிலைமை உண்டு. மாநிலத்தைக் கேட்டால் அவர்கள் பகாங்காரர்கள். ஆனால் பகாங் குழு தன் சொந்தத் திடலில் ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால், மலையை விட்டு இறங்கி, மாநிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கடற்கரையோரம் இருக்கிற குவாந்தான் வரைக்கும் போக வேண்டும். சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கினாலோ ஈப்போ வந்துவிடும். அது பேராக் குழுவின் ஊர். ஆகவே ஒரே லயத்தில் ஒரு வீட்டில் பகாங்குக்குக் கைதட்டுவார்கள், அடுத்த வீட்டில் பேராக்குக்குக் கைதட்டுவார்கள். நல்ல வேளை, இரண்டு குழுவுக்கும் மஞ்சள்தான் நிறம். ஒன்றுக்கு யானை சின்னம், மற்றதற்குக் காட்டெருமை. பிள்ளைக்கு ஒரே சட்டை வாங்கிக் கொடுத்து இரண்டுக்கும் போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

2025-26 ஆம் ஆண்டுக்கான சூப்பர் லீக் பட்டியல் வந்தபோது அதில் பகாங்கும் இல்லை, பேராக்கும் இல்லை. கெடாவும் இல்லை. 1983-ல் முதன்முதலாக மலேசியக் கிண்ணத்தை வென்ற பகாங், 1992-லும் 2013-லும் 2014-லும் அதே கிண்ணத்தைத் தூக்கி வந்த பகாங், பட்டியலில் இல்லை. ஆட்டம் தெரியாமல் தோற்றுக் கீழே தள்ளப்பட்டார்களோ என்றால் அதுவும் இல்லை. 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நின்ற குழு அது. ஜொகூரிடம் 2-1 என்ற கணக்கில், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது. அடுத்த சில வாரங்களுக்குள் லீக்கை விட்டு அதுவாகவே விலகிக்கொண்டது.

இறுதியாட்டம் வரைக்கும் போகத் தெரிந்த ஒரு குழுவுக்கு, அடுத்த பருவத்தில் ஆடுவதற்கு இடம் இல்லாமற்போவது எப்படி? பணக்காரக் குழுவுக்கும் பணமில்லாத குழுவுக்கும் நடக்கிற போட்டியைப் பற்றி இன்று பேச நினைத்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

முதலில் அந்தப் பணக்காரக் குழுவைப் பார்ப்போம். ஜொகூர் டாருல் தக்சிம், சுருக்கமாக ஜே.டி.தி. 2012-ல் துங்கு இஸ்மாயில் அவர்கள் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். 2013-ல் ஜே.டி.தி என்ற பெயரில் குழு புது உருவம் எடுத்தது. 2014-லிருந்து 2024-25 வரைக்கும் ஓர் ஆண்டுகூட விடாமல், 11 முறை தொடர்ச்சியாக சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2015-ல் தஜிக்கிஸ்தானின் தலைநகரான துஷான்பேவுக்கே போய், அந்த நாட்டுக் குழுவை 1-0 என்று வென்று, ஏ.எஃப்.சி. கிண்ணத்தைக் கொண்டுவந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து எந்தக் குழுவும் அதற்கு முன்னால் அதைச் செய்ததில்லை. 2020-ல் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரக்கூடிய சொந்த அரங்கத்தைத் திறந்தது. ஆர்ஜெண்டினாவின் பாப்லோ அய்மார் போன்ற உலகப் புகழ் பெற்றவர்களையே கூலி பேசிக் கூட்டிவந்த குழு அது.

இதையெல்லாம் பணத்தின் திமிர் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் இருக்கிற எல்லாரும் இப்படிச் செய்துவிடுவதில்லை. இளம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே எடுத்துப் பழக்குவதும், நல்ல திடல் போடுவதும், ஆட்டக்காரனுக்குச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பதும் புத்தியோடு செலவழிக்கிற வேலை. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஜொகூரும் ஒரு காலத்தில் சின்னக் குழுதான். மலேசியக் கிண்ணம் 1921-ல் தொடங்கியது. ஜொகூர் அதை முதன்முதலாக வென்றது 1985-ல். அதுவரைக்கும் பெரியவர்கள் யார் என்றால் சிலாங்கூரும் சிங்கப்பூரும். சிலாங்கூர் 33 முறையும் சிங்கப்பூர் 24 முறையும் அந்தக் கிண்ணத்தை வென்றிருக்கின்றன. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மற்ற மாநிலங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய், இன்று மற்ற எல்லாரும் ஜொகூரை எட்டிப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் பணக்காரக் குழுவை வெல்லவே முடியாதா? முடியும். பகாங்காரர்களே அதற்குச் சாட்சி. 2014 நவம்பர் முதல் தேதி, புக்கிட் ஜாலில் அரங்கம். மலேசியக் கிண்ண இறுதியாட்டம். அந்த ஆண்டின் லீக் பட்டத்தை வென்றுவிட்டு வந்த ஜே.டி.தி ஒரு பக்கம், பகாங் ஒரு பக்கம். 2-2 என்று ஆட்டம் சமமாக நின்று, பினால்டி உதையில் 5-3 என்று பகாங் வென்றது. அந்த ஆண்டுகளில் பகாங் சட்டையைப் போட்டவர்களில் கோபிநாதன், சுரேந்திரன் என்ற நம் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைத் தோட்டத்தில் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஏழு ஆண்டு கழித்து, 2021-ல், கோலாலம்பூர் சிட்டி குழு அதே ஜே.டி.தியை இறுதியாட்டத்தில் 2-0 என்று வென்றது. சப்ரி யாஹ்யா ஒரு கோல், பாவுலோ ஜொசுவே ஒரு கோல். 1989-க்குப் பிறகு, 32 ஆண்டு காத்திருந்து, கோலாலம்பூருக்குக் கிடைத்த கிண்ணம் அது.

ஆனால் கவனியுங்கள். சின்னக் குழுக்கள் வென்றதெல்லாம் கிண்ணம். லீக்கை அந்த 11 ஆண்டுகளில் ஒருவராலும் பறிக்க முடியவில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கிண்ணத்தின் இறுதியாட்டம் என்பது ஓர் இரவு வேலை. காற்பந்தில் கோல் அரிதாக விழும். ஒரு கோல்கீப்பர் அன்று நன்றாகப் பாய்ந்தால், ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால், முடிவே மாறிப்போகும். லீக் அப்படியல்ல. மாதக்கணக்கில், வாரா வாரம், மழையிலும் வெயிலிலும் ஆட வேண்டும். இன்று ஒருவனுக்குக் கால் சுளுக்கும், அடுத்த வாரம் இன்னொருவனுக்கு மஞ்சள் அட்டை சேர்ந்து ஓர் ஆட்டம் உட்கார வேண்டியிருக்கும். அப்போது பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிற பதினைந்தாவது ஆள், பதினாறாவது ஆள் யார் என்பதுதான் கேள்வி. பணக்காரக் குழுவில் அவன் தேசியக் குழுவுக்கு ஆடுகிறவனாக இருப்பான். சின்னக் குழுவில் நேற்றுவரை பள்ளிக்கூடத் திடலில் ஆடியவனாக இருப்பான். கொழுந்து எடுப்பதைப்போலத்தான். ஒரு நாள் யார் அதிகம் எடுக்கிறார் என்று போட்டி வைத்தால் யாரும் ஜெயித்துவிடலாம். மாத முடிவில் நிறுத்துப் பார்க்கிறபோதுதான் தெரியும், வீட்டில் எத்தனை கை என்று.

இந்தக் கணக்கையே ஒருவர் மாற்றிப்போட்ட கதை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஆடுகிற ரவுண்டர்ஸ், சாஃப்ட்பால் ஆட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். மட்டையால் அடித்துவிட்டு, மூலைக்கு மூலை ஓடி, சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பேஸ்பாலும் அந்தக் குடும்பத்து ஆட்டம்தான். அந்த நாட்டுப் பெரிய லீக்கில் ஒரு குழு ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆட வேண்டும். நியூ யார்க் போன்ற பெருநகரத்துக் குழுவுக்குத் தொலைக்காட்சியிலிருந்தும் டிக்கெட்டிலிருந்தும் பணம் கொட்டும். சிறிய ஊர்க் குழுக்களுக்கு அது கிடையாது. 2002-ல் நியூ யார்க் யாங்கீஸ் குழு ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஏறத்தாழ 12 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. கலிபோர்னியாவில் ஓக்லண்ட் என்ற ஊரின் அத்லெட்டிக்ஸ் குழு செலவிட்டது சுமார் 4 கோடி. பருவம் முடிந்து பார்த்தால் இரண்டு குழுவும் ஆளுக்கு 103 ஆட்டம் வென்றிருந்தன.

மூன்றில் ஒரு பங்குக் காசில் இது எப்படி முடிந்தது? ஓக்லண்ட் குழுவின் நிர்வாகி பில்லி பீன் என்பவர், ஆட்டக்காரர் சந்தையில் எல்லாரும் எதற்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தார். ஓங்கி அடிக்கிறவன், வேகமாக ஓடுகிறவன், பார்வைக்குப் பயில்வான் மாதிரி இருக்கிறவன், இவர்களுக்குத்தான் விலை. ஆனால் ஆட்டம் வெல்வதற்கு வேண்டியது என்ன? அவுட் ஆகாமல் முதல் மூலைக்குப் போய்ச் சேர்வது. அடித்துப் போனாலும் சரி, மோசமாக எறியப்பட்ட பந்துகளைத் தொடாமல் பொறுமையாக விட்டுவிட்டு, விதிப்படி நடந்தே போனாலும் சரி, பலன் ஒன்றுதான். அந்தப் பொறுமைக்குச் சந்தையில் விலையே இல்லை. பில்லி பீன் அதை மலிவாக வாங்கினார். ஸ்காட் ஹாட்டபர்க் என்று ஒருவர், முழங்கை கெட்டுப்போய், பழைய இடத்தில் நின்று பந்தை எறிய முடியாதவர். மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட அவரை எடுத்து, வேறொரு இடத்தில் நிறுத்திப் பழக்கினார்கள். 2002 செப்டம்பரில் தொடர்ந்து 20-ஆவது வெற்றிக்காக ஆடிய நாளில், 11-0 என்று முன்னால் போய்விட்டு, எதிரி 11-11 என்று எட்டிப் பிடித்த நேரத்தில், கடைசி அடி அடித்து வென்று கொடுத்தவர் அந்த ஹாட்டபர்க்தான். மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் 2003-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 2011-ல் படமாகவும் வந்தது.

படம் பார்த்தவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மூளை இருந்தால் பணம் வேண்டாம் என்று பேசுவார்கள். மிச்சக் கதையையும் கேளுங்கள். அந்த ஆண்டு இறுதிச் சுற்றின் முதல் கட்டத்திலேயே, ஐந்து ஆட்டத் தொடரில் 3-2 என்று ஓக்லண்ட் தோற்றது. தோற்கடித்தது மின்னசோட்டா. அதுவும் சின்னக் குழு. முந்திய ஆண்டுதான், வருமானம் போதாத இரண்டு குழுக்களைக் கலைத்துவிடலாம் என்று முதலாளிகள் கூடிப் பேசியபோது மின்னசோட்டாவின் பெயர் அடிபட்டது. அது ஒரு பக்கம் இருக்க, ஓக்லண்டின் உபாயம் வெளியே தெரிந்ததும் பணக்காரர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். போஸ்டன் குழு அதே கணக்கு முறையை, கூடவே பெரிய பணப்பையையும் வைத்துக்கொண்டு, 2004-ல் 86 ஆண்டுக்குப் பிறகு பட்டத்தை வென்றது. உபாயத்துக்கு வயது குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற வரைக்கும்தான் அது நம்முடையது.

ஓக்லண்ட் குழு 2024-உடன் ஓக்லண்ட் நகரத்தை விட்டே போய்விட்டது. முதலாளி லாஸ் வேகாஸ் நகருக்கு மாற்ற முடிவெடுத்தார். புது அரங்கம் கட்டும் வரைக்கும் சாக்ரமெண்டோ என்ற ஊரின் சிறிய திடல் ஒன்றில் ஆடவைத்தார். எந்த ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளாமல் வெறும் அத்லெட்டிக்ஸ் என்ற பெயரில் ஆடியது. 57 ஆண்டு கைதட்டிய ஊருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. 103 ஆட்டம் வென்றவர்கள் என்ற பெருமை ஊரைக் காப்பாற்றவில்லை.

ஆகவே, நேயர்களே, சின்னக் குழுவைச் சாகடிப்பது தோல்வி அல்ல. தோற்ற குழு அடுத்த வாரம் மறுபடியும் ஆடும். பணப்பை ஒரே ஒரு கையில் இருந்து, அந்தக் கை மூடிக்கொண்டால்தான் குழு சாகிறது. நம் நாட்டிலேயே பார்க்கலாம். நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டாவின் பெயரில் ஃபெல்டா யுனைட்டெட் என்று ஒரு குழு, 2007-லிருந்து ஆடியது. செம்பனைக் குடியேற்றக்காரர்களின் குழு என்றே சொல்லலாம். நம் பகாங்கிலேயே ஜெங்காவில்தான் அதன் அரங்கம். 2014 எஃப்.ஏ. கிண்ண இறுதிவரை வந்து, பகாங்கிடம் 2-1 என்று தோற்றது. வாரியத்தின் ஆதரவு நின்றதும் 2020 பருவத்தோடு அது முடிந்தது.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழுவாக அடிமட்டத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2019-ல் புதுப் பெயரோடு சூப்பர் லீக்குக்குள் நுழைந்தது. தேவன் அவர்கள் அப்போது பயிற்றுநர். பெரிய பணம் கிடையாது. 2022-ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து முழுப் பருவமும் ஆடியது. ஜே.டி.தி போன்ற குழுவுக்கு எதிராக அப்படி நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தப் பருவத்தோடு உரிமையாளர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டார். குழு போயிற்று. அதே சமயம் சம்பள பாக்கி முதலிய கணக்குப் பிரச்சினைகளால் மலாக்கா யுனைட்டெட்டுக்கும் சரவாக் யுனைட்டெட்டுக்கும் 2023-க்கான உரிமம் கிடைக்கவில்லை. நம் சமூகத்துப் பையன் ஒருவன் பதினெட்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரனாக நுழைவதற்கு இருந்த வாசல்களில் ஒன்று அன்று மூடியது. சம்பள பாக்கி என்றால் என்னவென்று தோட்டத்துக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பந்து உதைக்கிறவனுக்கும் வீட்டில் அரிசிக் கடன் உண்டு.

லீக் முழுவதற்கும் பொதுவாக வருமானம் வந்தால் பகிர்ந்துகொள்ளலாம் அல்லவா என்று கேட்பீர்கள். 2018-ல் அப்படி ஒரு நம்பிக்கை வந்தது. டெலிகோம் மலேசியா நிறுவனம் எட்டு ஆண்டுக்கு 48 கோடி ரிங்கிட் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டே அது முறிந்துபோனது.

அமெரிக்காவில் இந்தப் பகிர்வை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பேஸ்பாலில் 1965-லிருந்து புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிறபோது, போன ஆண்டு மோசமாகத் தோற்ற குழுக்களுக்கு முன்வரிசை கொடுக்கும் முறை வந்தது. அமெரிக்கக் காற்பந்து லீக் இன்னும் ஒரு படி மேலே போய், 1960-களிலிருந்தே தேசியத் தொலைக்காட்சிப் பணத்தை எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. நியூ யார்க்குக்கும் ஒரே பங்கு, கிரீன் பே என்ற சின்ன ஊருக்கும் ஒரே பங்கு. முதலாளித்துவ நாடு என்கிறோம், ஆனால் பந்தாட்டத்தில் அவர்கள் ஏறக்குறைய கூட்டுறவுக்காரர்கள். தர்மத்துக்காகச் செய்யவில்லை. ஒரே குழு எப்போதும் வென்றுகொண்டிருந்தால் பார்க்க ஆள் வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கிரீன் பே ஊரைப் பற்றி இன்னும் கொஞ்சம். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். அங்கே இருக்கிற பேக்கர்ஸ் குழுவுக்குத் தனி முதலாளியே கிடையாது. 1923-லிருந்து ஊர்மக்கள் பங்கு வாங்கி நடத்துகிறார்கள். இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், ஊரில் இருக்கிறவர்களைவிட அதிகம். பங்கு வைத்திருந்தால் லாபம் ஒரு காசு கிடைக்காது. விற்றுக் காசாக்கவும் முடியாது. பிறகு எதற்கு வாங்குகிறார்கள்? குழுவை யாரும் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஓக்லண்ட் தன் குழுவை இழந்தது. கிரீன் பே இழக்கவில்லை.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், பாட்டாளிகள் வேலையும் வீடும் போய் நடுத்தெருவில் நின்றார்கள். 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்துக்குத் தோட்டம் நேரில் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அன்று பத்து வெள்ளி என்பது சின்னக் காசல்ல, பலர் வயிற்றைக் கட்டித்தான் கொடுத்தார்கள். விலை பேச வந்த பெரிய கைகளுக்கு எதிரே அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து நின்றன.

தோட்டத்துக் காற்பந்துக் குழுக்களிலும் இந்த இரண்டு வழிகளையும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சில தோட்டங்களில் துரையே பந்து வாங்கிக் கொடுப்பார், சட்டை தைத்துக் கொடுப்பார், பக்கத்துத் தோட்டத்துக்கு ஆட்டம் ஆடப் போக லாரியும் கொடுப்பார். துரை மாறினால், அல்லது தோட்டம் கைமாறினால், புல் முளைத்த திடல் மட்டும் மிஞ்சும். வேறு சில தோட்டங்களில் சம்பள நாளில் வீட்டுக்கு வீடு சந்தா பிரிப்பார்கள். சட்டை சாயம் போனதாக இருக்கும், பூட்ஸ் இல்லாமல் இரண்டு பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். கணக்குப் பிள்ளை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் யார் கொடுத்தார், யார் பாக்கி என்று எழுதி வைத்து, திருவிழாக் கூட்டத்தில் படிப்பார். பந்துக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று அவர் படித்து முடிக்கிற வரைக்கும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.